ஊர் செய்த வேலை

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்ற கட்டத்துக்கு ஒரு வரையறை உண்டு. ஒருவருடைய குழந்தைப் பருவத்தில் அவருடைய தாய் அவரிடம் எந்த மொழியில் பேசினாரோ அதுவே அவருடைய தாய்மொழி. அவருடைய சிறுவயதிலேயே தாய் இறந்துவிட்டிருந்தால், வீட்டில் பெரும்பாலும் புழங்கிய மொழியை எழுதிக்கொள்ளலாம். தந்தையின் மொழி, பள்ளிக்கூடத்து மொழி, தெருவில் பேசும் மொழி எதற்கும் இந்தக் கட்டத்தில் இடமில்லை. 2011 கணக்கெடுப்பில் மகாராஷ்டிரத்தில் சுமார் 5 லட்சம் பேர் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னார்கள். வரையறையை அப்படியே எடுத்துக்கொண்டால், அந்த 5 லட்சத்துக்குப் பின்னால் நிற்பது அவர்களுடைய அம்மாக்கள் செய்த ஒரு வேலை. தாயிடம் கற்ற வாழ்க்கைப் பாடங்கள் என்று பேச்செடுத்தால் நமக்குப் பொறுமை, தியாகம், அன்பு என்று ஒரு பட்டியல் தயாராக இருக்கிறது. அன்னையர் தினத்தன்று அதையே வாழ்த்து அட்டையில் அச்சடிக்கிறார்கள். அந்தப் பட்டியலில் மொழி இருக்காது. அரிசி வேகும் பதம், மாதக் கடைசியில் கையிருப்பை இழுத்துப்பிடிக்கும் வித்தை, தண்ணீர் வரும் நேரத்தை வைத்து நாளை அடுக்கும் கணக்கு, யாரிடம் எந்த மொழியில் எந்தக் குரலில் பேசுவது என்ற விவேகம் இவையும் இருக்கமாட்டா. மும்பைத் தமிழர் வாழ்க்கையை வைத்து இக்கட்டுரை சொல்ல வருவது இதுதான்: ஊரில் பலர் சேர்ந்து பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தவை, குடிபெயர்ந்த இடத்தில் ஒரு பெண்ணின் தலையில் வந்து விழுந்தன. அவள் செய்தது தேர்ச்சி வேண்டிய கற்பித்தல். அதைப் பாசத்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டதால், அதை நாம் எண்ணிப் பார்க்கவும் இல்லை, கேள்வி கேட்கவும் இல்லை.

இந்தக் கணக்குப் பிழை மும்பையில் தொடங்கியதல்ல. புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார் பிள்ளை வளர்ப்பின் கடமைகளைப் பங்கு பிரிக்கிறார். பெற்று வளர்த்துத் தருவது தாயின் பங்கு. சான்றோனாக ஆக்குவது தந்தையின் பங்கு. வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்கு, நன்னடை அருள்வது வேந்தனுக்கு. போர்ச் சமூகத்தின் பாட்டு அது. வேலும் வேந்தனும் வருவதில் வியப்பில்லை. ஆனால் அறிவுடையவனாக ஆக்கும் வேலை தாயின் கையிலிருந்து எடுக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்திலும் இதே பிரிவினை தொடர்கிறது. மகனை அவையில் முந்தியிருக்கச் செய்வது தந்தை ஆற்றும் உதவியாகிறது. மகன் சான்றோன் எனப் பிறர் சொல்லக் கேட்டு மகிழ்வதோடு தாயின் பாத்திரம் முடிகிறது. அவள் ஏன் பிறர் சொல்லித்தான் கேட்க வேண்டும்? பரிமேலழகர் காரணம் சொல்கிறார்: பெண் இயல்பினால் தானாக அறியமாட்டாள் என்பதால். வள்ளுவர் சொல்லாமல் விட்ட இடத்தில் உரையாசிரியர் தன் காலத்தை இட்டு நிரப்பியிருக்கிறார் என்று அவரை விலக்கிவிடலாம். எனினும் பல நூற்றாண்டுகள் குறளை நாம் படித்தது பெரும்பாலும் அந்த உரையின் வழியாகத்தான். ‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்ற பழமொழி தாய்க்குக் கூடுதல் இடம் கொடுப்பதுபோல் தெரியும். அதையும் ஒருமுறை கூர்ந்து பார்க்கலாம். நூல் இருக்கிறது, சேலை இருக்கிறது. தறியும் நெய்தவர் கையும் எங்கே? நூல் தானாகச் சேலையாகிவிடுவதுபோல் தாயின் குணம் தானாகப் பிள்ளைக்குள் இறங்கிவிடும் என்கிறது பழமொழி. நெசவு காணாமல் போய்விட்டது.

இருபதாம் நூற்றாண்டில் தாய்க்குக் கிடைத்த புகழ் இந்தக் குறையைச் சரிசெய்யவில்லை; ஒருவகையில் கூட்டவே செய்தது. மும்பையில் வாழும் சி.எஸ். லக்ஷ்மி, அம்பை என்ற பெயரில் எழுதும் அதே எழுத்தாளர், 1990-இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் எழுதிய ஆய்வுக் கட்டுரை, தமிழக அரசியல் தாய் என்ற உருவத்தை எப்படியெல்லாம் பயன்படுத்திக்கொண்டது என்று விரிவாகப் பேசுகிறது. 1997-இல் வெளிவந்த சுமதி ராமசாமியின் நூல், தமிழே தாயாகவும் தெய்வமாகவும் கன்னியாகவும் உருக்கொண்ட வரலாற்றை ஆராய்கிறது. மொழியைத் தாய் என்று கும்பிட்ட காலத்தில், வீட்டுக்குள் அந்த மொழியைப் பிள்ளையின் நாக்கில் ஏற்றிக்கொண்டிருந்த தாயைப் பற்றி மேடைகள் அதிகம் பேசவில்லை. தாய்ப்பாலோடு மொழி புகட்டப்படுகிறது என்ற உருவகம் எல்லாருக்கும் பிடித்திருந்தது. பால் தானாகச் சுரப்பது. தானாகச் சுரப்பதற்குக் கூலி கேட்பாருமில்லை, தேர்ச்சி பார்ப்பாருமில்லை.

ஊரிலேயே இருந்திருந்தால் இந்தப் பிழை பெரிதாகத் தெரிந்திருக்காது. அங்கே பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது அம்மா மட்டும் அல்ல; ஆச்சி, அத்தை, டீக்கடை, கோயில் கொடை, வாய்க்கால் கரை எல்லாம் சேர்ந்துதான். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பிரித்துப் பார்க்க முடியாது. குடிபெயர்வு அதைப் பிரித்துக் காட்டுகிறது. மும்பைப் பகுதியில் தமிழர்கள் குடியேறிய இடங்கள் ஒன்றுபோல் அமையாததால் நமக்கு ஒப்பிட்டுப் பார்க்கவும் வாய்ப்புக் கிடைக்கிறது. தாராவிக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஆட்கள் வந்தார்கள். தோல் பதனிடும் தொழில் பலரை இழுத்தது. வந்தவர்கள் உறவையும் தெருவையும் கூடவே கொண்டுவந்தார்கள். தமிழ் பேசும் சந்துகள், பிள்ளையார் கோயில், ஆதிதிராவிடர் சங்கம், விடியுமுன் இட்லி அவித்து சைக்கிளில் விற்கக் கிளம்பும் வீடுகள், முறுக்கு பிழியும் கூடங்கள் என்று ஏறக்குறைய ஓர் ஊரே அங்கே எழுந்தது. மாதுங்கா வேறு வழியில் போனது. எழுத்தர், கணக்கர் வேலைகளுக்கு வந்த படித்த குடும்பங்கள் அங்கே தெருவைக் காட்டிலும் நிறுவனங்களை நம்பின. 1923-இல் ஆஸ்திக சமாஜம், 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம், 1952-இல் சண்முகானந்த சங்கீத சபை. மாதுங்காவில் இடம் போதாமல் செம்பூருக்கு நகர்ந்தவர்கள் அங்கும் முருகன் கோயிலும் சபாவும் கண்டார்கள். பையனுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்க வாத்தியார் உண்டு, பண்டிகையை நினைவூட்டக் கோயில் உண்டு.

அம்பர்நாத் இரண்டிலும் சேராது. மும்பை சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். கல்யாணுக்கு அப்பால் கர்ஜத் போகும் பாதையில் இருக்கிறது. 1060-இல் சிலாஹார மன்னர் காலத்தில் எழுந்த சிவன் கோயில் ஒன்று அங்கே உண்டு, சிற்பத்துக்குப் பேர்போனது. சிவன் கோயில் இருந்தாலும் தேவாரம் கேட்காத ஊர். தீப்பெட்டித் தொழிற்சாலை, படைக்கலத் தொழிற்சாலை, பின்னர் தொழிற்பேட்டை என்று வேலைகள் வந்தன. நகரத்துக்குள் வீடு வாங்க முடியாதவர்களும் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டே இங்கு வந்து சேர்ந்தார்கள். தொழிற்சாலைக் குடியிருப்பில் பக்கத்து வீடு மராத்தி, எதிர்வீடு மலையாளம் அல்லது போஜ்புரி. ஒரு நிறுத்தம் தள்ளி, பிரிவினைக்குப் பின் வந்த சிந்திகள் குடியேறிய உல்லாஸ்நகர். தாராவியைப் போல் தமிழே புழங்கும் பெரும்பகுதி இங்கே உருவாகவில்லை. மாதுங்காவைப் போல் தமிழர் நிறுவனங்களின் வரிசையும் இல்லை. நகரத்துக்கு வேலைக்குப் போகும் தந்தை விடியலில் லோக்கல் ரயிலைப் பிடித்தால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். போக வர மூன்று மணி நேரம் ரயிலே எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது அம்மா. தெருவும் நிறுவனமும் விட்ட வேலை அத்தனையும் அவள் பங்கு. தாராவியில் நூறு வாய்கள் சேர்ந்து சொன்னதை அம்பர்நாத்தில் ஒரே வாய் சொல்ல வேண்டும். சுற்றத்தின் அடர்த்தி குறையக் குறையத் தாயின் பாடச்சுமை ஏறுகிறது. அதனால் தாய்மையின் கற்பிக்கும் பக்கத்தைப் பார்க்க விரும்புகிறவர் தாராவியை விட அம்பர்நாத்தையே முதலில் பார்க்க வேண்டும். மும்பைத் தமிழர் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் தாராவியோடு நின்றுவிடுவது ஓர் இழப்பு.

அவள் கற்பித்தவற்றில் சமையலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எளிமையாகத் தோன்றுவதால் அதுவே நம்மை அதிகம் ஏமாற்றுகிறது. ‘கண்ணளவு’, ‘கைப்பிடி’, ‘பக்குவம்’, ‘பதம்’ என்ற சொற்களில் ஒரு பெரிய அளவியல் அடங்கியிருக்கிறது. பாகு கம்பிப்பதம் வந்ததை விரலுக்கும் விரலுக்கும் இடையில் இழுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்வது சொல்லிப் புரியவைக்கக்கூடியதல்ல. பக்கத்தில் நின்று பார்த்து, கெடுத்து, திட்டு வாங்கித்தான் வரும். தத்துவவாதி மைக்கேல் போலானி, மனிதர்களால் சொல்ல முடிந்ததைவிட அவர்களுக்குத் தெரிந்தது அதிகம் என்ற கருத்தை 1950களிலும் 60களிலும் விரித்து எழுதினார். அறிவியல் ஆய்வுக்கூடத்தில் மாணவன் ஆசிரியரிடம் கற்பதுகூட இப்படித்தான் என்பது அவர் வாதம். ஆய்வுக்கூடத்தில் இதற்கு அறிவு என்று பெயர். அடுப்பங்கரையில் ‘கைமணம்’ என்று பெயர் வைத்துப் பிறவி வரம் ஆக்கிவிட்டோம். இது வரம் இல்லை, கற்பித்தல் என்பது எப்போது தெரியும்? கற்பிக்கும் சங்கிலி அறுந்தபோது தெரியும். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-இல் வெளிவந்தது. வெளியூரில் குடித்தனம் வைத்த உறவினர்கள் கடிதம் எழுதி எழுதிச் செய்முறை கேட்டதுதான் அந்தப் புத்தகத்துக்கு வழி திறந்தது. பம்பாயில் பிறந்த மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை, 1988-இல் இந்தியச் சமையல் புத்தகங்களைப் பற்றி எழுதியபோது, ஊர்விட்டு ஊர் மாறும் நகர்ப்புற நடுத்தர வர்க்கமே அந்தப் புத்தகங்களைப் பிறப்பித்தது என்று காட்டினார். அம்மா பக்கத்தில் இல்லாத இடத்தில் புத்தகம் வந்து உட்கார்ந்தது. எதன் இடத்தைப் புத்தகம் நிரப்ப முடிகிறதோ அது தொடக்கத்திலிருந்தே பாடமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

தாய்க்கு எல்லாம் இயல்பாகத் தெரிந்துவிடும் என்பதை மறுக்க இன்னும் வலுவான சான்று வங்கதேசத்தில் இருக்கிறது. 1980 முதல் 1990 வரை பிராக் என்ற அமைப்பு வீடு வீடாகச் சென்று, வயிற்றுப்போக்கில் குழந்தைகள் சாகாமல் காக்க உப்பு-வெல்லக் கரைசல் தயாரிக்கத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தது. மூன்று விரலால் எடுக்கும் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளை எட்டிய திட்டம் அது. இதில் இரண்டு விஷயங்கள் என்னை ஈர்க்கின்றன. கற்பிக்கும் பணியாளரின் ஊதியம், சில வாரம் கழித்துப் போய்க் கேட்டால் தாய்மார்களுக்கு எத்தனை குறிப்புகள் நினைவில் நின்றன என்பதைப் பொறுத்து அமைந்தது. அதாவது தாயைக் கற்கக்கூடியவள், கற்றதைத் தக்கவைக்கக்கூடியவள் என்று கருதிப் பணத்தையே அதன்மேல் வைத்தார்கள். இரண்டாவது, அளவை அவர்கள் கிராமில் சொல்லவில்லை. அவள் கையையே அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். அவளிடம் ஏற்கெனவே இருந்த அளவியலின் மேல் புதிய மருத்துவம் ஏறி நின்றது. குழந்தை நோயுற்றால் தாய்க்கு மனசு சொல்லும் என்று நம்பியிருந்தால் அந்தத் திட்டமே பிறந்திருக்காது.

பணமும் இடமும் பற்றிய பாடங்களுக்கு மும்பையிலேயே சான்று உண்டு. அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்கடியில் ஒளித்த ரூபாய் தமிழ் நகைச்சுவையின் நிரந்தரச் சரக்கு. கணவன் கண்டுபிடிப்பான், கொட்டகை சிரிக்கும். அந்த ரூபாய்க்குப் பின்னால் இருந்த கணக்கு என்ன என்று யாரும் கேட்டதில்லை. 1980களில் பைகுல்லா நடைபாதையில் வசித்த பெண்கள் அதற்கு விடை சொன்னார்கள். ஸ்பார்க் என்ற அமைப்பும், குடிசைவாசிகள் கூட்டமைப்பை நடத்திய ஜோக்கின் அற்புதமும் அந்தப் பெண்களோடு சேர்ந்து ‘மகிளா மிலன்’ என்ற சேமிப்புக் குழுவைக் கட்டினார்கள். ஜோக்கின் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். செம்பூரை அடுத்த மான்கூர்டில் ஜனதா காலனி இடிக்கப்பட்டபோது அதை எதிர்த்துப் போராடித் தலைவரானவர். 2000-இல் மகசேசே விருது பெற்றார். நாள்தோறும் ஒரு பெண் வீடு வீடாகப் போய் இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று வாங்கிவருவாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வண்ணத் தாள்துண்டுகளே பற்றுச்சீட்டு. பின்னர் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களிடமே கேட்டபோது, கட்டட வல்லுநர்கள் எதிர்பாராத விடை வந்தது: தரைப்பரப்பு சிறிதாக இருந்தாலும் கூரை 14 அடி உயரம் வேண்டும், உள்ளே ஒரு பரண் போட. சிறிய இடத்தில் பெரிய குடும்பத்தை நடத்தியவர்களுக்கு மட்டுமே தெரிந்த கணக்கு அது. தாயிடமிருந்து மகளுக்குச் சந்தடியில்லாமல் கைமாறி வந்த குடித்தனக் கணக்கை, பொது இடத்தில் வைத்துப் பேசத் தொடங்கியதும் அது திட்டமிடலாகவும் வடிவமைப்பாகவும் பெயர் மாறியது. 1959-இல் கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் அப்பளம் இட்டுத் தொடங்கிய லிஜ்ஜத் நிறுவனத்தின் கதை எல்லாருக்கும் தெரிந்ததே. அதை விரிக்கத் தேவையில்லை.

இவ்வளவுக்கும் ஒரு கடுமையான மறுப்பு உண்டு. 1998-இல் ஜூடித் ரிச் ஹாரிஸ் என்ற அமெரிக்க உளவியல் எழுத்தாளர், பெற்றோர் வளர்ப்புதான் பிள்ளையை உருவாக்குகிறது என்ற நம்பிக்கையையே அசைத்துப் பார்த்தார். மரபணுவை ஒதுக்கிவிட்டால், பிள்ளைகளை உருவாக்குவது அவர்களின் சக வயதினர் கூட்டமே என்பது அவருடைய வாதம். அவருக்கு வாகாகக் கிடைத்த உதாரணமே குடியேறியவர்களின் பிள்ளைகள்தான்: வீட்டில் என்ன பேசினாலும் சில வருடங்களில் தெருப்பிள்ளைகளின் மொழியையும் உச்சரிப்பையும் எடுத்துக்கொள்கிறார்கள். மும்பையை அறிந்த எவரும் இதை உடனே ஒத்துக்கொள்வார்கள். அம்மா தமிழில் கேட்க, பிள்ளை பம்பாய் இந்தியில் பதில் சொல்லும் வீடுகள் செம்பூரிலும் உண்டு, அம்பர்நாத்தில் இன்னும் அதிகம் இருக்கும். அப்படியானால் தாயின் பாடம் வெறும் மாயைதானா?

ஹாரிஸ் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். அந்தப் பாதியே இந்தக் கட்டுரையின் வாதத்துக்குத் துணை நிற்கிறது. தெரு தமிழாக இருக்கும் தாராவியில் வீட்டு மொழியும் கூட்டத்து மொழியும் ஒன்றாகிவிடுவதால் தமிழ் நின்றது. அங்கே தமிழ் நிலைத்ததற்குத் தாய்க்கு மட்டும் மாலை போடுவது தவறு. சமூக மொழியியலாளர் ஜோஷுவா ஃபிஷ்மன் 1991-இல் மொழிச்சிதைவை எட்டுப் படிகளாக வகுத்தபோது, எல்லாவற்றுக்கும் அச்சாணியாக ஆறாம் படியை வைத்தார்: வீடு, குடும்பம், அக்கம்பக்கம் மூன்றும் சேர்ந்த இடத்தில் தலைமுறைக்குத் தலைமுறை மொழி கைமாறுவது. வீடு மட்டும் என்று அவர் சொல்லவில்லை. பள்ளி மட்டும் போதும் என்றும் சொல்லவில்லை. சிங்கப்பூரைப் பார்த்தால் இது விளங்கும். அங்கே தமிழ் ஆட்சிமொழி. பள்ளியில் பாடம், தொலைக்காட்சியில் அலைவரிசை, பணத்தாளில் எழுத்து. இருந்தும் 2020 கணக்கெடுப்பில் பாதிக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று பதிவாயிற்று. (போகிற போக்கில் ஒன்று: சிங்கப்பூர்ப் பள்ளிகளில் ஒரு பிள்ளையின் ‘தாய்மொழி’ எது என்பதை நெடுங்காலம் தந்தையின் இனத்தை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். தாய்மொழி என்ற சொல்லிலிருந்தே தாயை எடுத்துவிட முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.) ஆக, தெரு இல்லாத இடத்தில் தாயின் பாடம் தோற்கக்கூடியது. தோற்கக்கூடியது என்பதாலேயே அது முயற்சி, உழைப்பு, கற்பித்தல் என்றாகிறது. சுரக்கும் பால் தோற்காது. ஹாரிஸின் விளக்கத்தில் விடுபடும் ஒன்றும் உண்டு. தெரு பேச்சைக் கொடுக்கும். அஞ்சு மணிக்கு வரும் தண்ணீரை எப்படிப் பிடித்து எதற்கு எவ்வளவு பங்கிடுவது என்று பத்து வயதுக் கூட்டாளி சொல்லித்தரமாட்டான். கதையும் அப்படித்தான். கவிஞரும் நாட்டாரியல் அறிஞருமான ஏ.கே. ராமானுஜன் தன் வீட்டைப் பற்றிச் சொன்னது பலருக்கு நினைவிருக்கும்: மாடியில் கணித அறிஞரான தந்தையோடு ஆங்கிலம், கீழே அம்மாவோடு தமிழ், மைசூர்த் தெருவில் கன்னடம். பின்னாளில் அவர் திரட்டிய நாட்டார் கதைகளைப் பற்றிப் பேசும்போது, அவை சமையலறையில் பிள்ளைகளுக்குச் சோறூட்டும் நேரத்தில் பெண்கள் சொன்ன கதைகளின் உலகத்தைச் சேர்ந்தவை என்பதை அவர் வலியுறுத்தினார். உலகப் பல்கலைக்கழகங்களில் பாடமான ஓர் ஆய்வின் மூலவளம் கீழ்த்தளத்தில் இருந்திருக்கிறது.

இரண்டாவது மறுப்பு ஒழுக்கம் சார்ந்தது. அதை லேசாகத் தட்டிவிட முடியாது. தாய் மொழியையும் பதத்தையும் மட்டுமா கற்றுக்கொடுத்தாள்? எந்த வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது, மாதத்தில் எந்த மூன்று நாள் எங்கே உட்கார வேண்டும், கறுத்த பெண்ணுக்கு எவ்வளவு கூடுதலாக நகை சேர்க்க வேண்டும், அண்ணனுக்கு மீன் துண்டு போனபின் தனக்குக் குழம்பு போதும் என்பதெல்லாமும் அவள் வாய்வழிதான் வந்தன. சாதி மும்பை ரயிலில் டிக்கெட் எடுத்து வரவில்லை என்று சொல்ல முடியாது. மாதுங்காவும் தாராவியும் அடுத்தடுத்து இருந்தும் இரு தமிழ் உலகங்களாகவே வாழ்ந்தன, அந்தச் சுவரின் செங்கற்களில் சில சமையலறையில் வார்க்கப்பட்டவை. அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ கதையை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. பூப்பெய்திய சிறுமி, தனக்கு நேர்ந்ததற்கு அழகான விளக்கம் ஒன்றை அம்மாதான் தருவாள் என்று, ஊருக்குப் போன அம்மாவுக்காகக் காத்திருக்கிறாள். திரும்பி வரும் அம்மா, உறவுப் பெண் ஒருத்தி நிறத்தால் நிராகரிக்கப்பட்ட கசப்பில், இதை ஒரு பாரமாகச் சொல்லிவிடுகிறாள். ஒரு வாக்கியத்தில் பாடம் முடிகிறது. தலைப்பில் உள்ள கொலை அதுதான்.

இந்த மறுப்பு, தாயின் கற்பித்தல் உண்மை என்பதை இன்னும் உறுதியாக்குகிறது. ஒரே வழியில்தான் பதமும் பாகுபாடும் இறங்குகின்றன. பாசம் என்று அதை வகைப்படுத்தும்வரை தரம் பார்க்க இயலாது; பாசத்தில் பிழை காண்பவன் நன்றிகெட்டவன் ஆவான். கற்பித்தல் என்று ஒத்துக்கொண்டால் பாடத்திட்டத்தைத் திருத்தலாம், சில பாடங்களை நீக்கலாம், ஆசிரியையே தன் மனத்தை மாற்றிக்கொள்ளலாம். நடந்தும் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பிடிவாதம் பிடித்ததை எந்த மரபும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. தன் அம்மா தனக்குத் தந்த பாடத்தில் எதைத் தன் மகளுக்குத் தரக் கூடாது என்று முடிவெடுப்பவள், தறியில் உட்கார்ந்து நெசவை மாற்றுகிறாள். 1988-இல் சி.எஸ். லக்ஷ்மி மும்பையில் தொடங்கிய ஸ்பாரோ ஆவணக்காப்பகம் பெண்களின் வாழ்க்கைகளை அவர்கள் குரலிலேயே பதிவுசெய்து வருகிறது. இத்தகைய பதிவுகள் இருந்தால்தான் எந்தப் பாடம் தொடர்ந்தது, எது நிறுத்தப்பட்டது என்று பிற்காலத்தார் கண்டுகொள்ள முடியும். வாழ்த்து அட்டைகளிலிருந்து அதைக் கண்டுகொள்ள முடியாது.

மூன்றாவது மறுப்பே எனக்கு மிகவும் சங்கடமானது. தாயை ஆசிரியை என்று அங்கீகரித்தால், பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை என்ற பழியும் அவள் தலையில்தானே விழும்? ஏற்கெனவே விழுகிறது. சங்கக் கூட்டங்களில் ‘வீட்டில் தாய்மார்கள் தமிழில் பேச வேண்டும்’ என்ற அறிவுரை தவறாமல் ஒலிக்கும். ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்க்க முடிவெடுத்த குடும்பம் மொத்தமும் அப்போது மறைந்துவிடும். மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. இது இந்தியாவில் அரிதான ஏற்பாடு. ஆனால் தமிழ்வழியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்திருக்கிறார்கள். மேல்வகுப்புக்கும் வேலைக்கும் அந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்ற பெற்றோரின் கேள்விக்குத் திடமான பதில் இல்லை. ஒரு தமிழ்வழி வகுப்பு மூடப்படும்போது அதன் வேலை ஆவியாகிவிடுவதில்லை. மாலையில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே ‘அ, ஆ’ எழுதவைப்பவளிடம் திரும்பி வருகிறது. 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். வீட்டாரைப் பேணுவதற்கு 134, 76. பிள்ளையை உட்காரவைத்துப் பாடம் சொல்லித்தருவது இரண்டாவது கணக்கில் சேரும். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கதை சொல்வதும், கடைக்குப் போகும் வழியில் மீதிச் சில்லறையைக் கூட்டிச் சொல்லவைப்பதும் எந்த நிமிடத்தில் சேரும்? வேலை வேலைக்குள்ளேயே நடப்பதால் கடிகாரத்துக்குச் சிக்காது. பழி சொல்வதற்கு அடையாளம் கண்டுகொள்ளும் சமூகம், பங்கு போடுவதற்கும் அடையாளம் காணட்டும் என்பதே என் பதில். பாசம் என்றால் பங்கு போட வழியில்லை. இன்னொருவரின் தாய்ப்பாசத்தில் பாதியை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. வேலை என்றால் அதில் தந்தைக்கு ரயிலிறங்கிய பின் அரைமணி நேரம் உண்டு, சங்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு உண்டு, மாநகராட்சிக்கு ஓர் ஆசிரியர் பணியிடம் உண்டு.

அடுத்த கணக்கெடுப்பு 2027-இல் நடக்க இருக்கிறது. அம்பர்நாத்தின் ஏதோ ஒரு குடியிருப்பில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுபவர், அந்த வீட்டுப் பிள்ளைகளின் தாய்மொழி எது என்று கேட்பார். வரையறைப்படி, அந்தப் பெண் அவர்களிடம் எதைப் பேசினாளோ அதை எழுதிக்கொள்வார். பழைய முறையே தொடருமானால், அதே படிவத்தின் இன்னொரு கட்டத்தில் அவள் என்ன வேலை செய்கிறாள் என்ற கேள்வியும் வரும். வீட்டு வேலைகளைக் கவனிப்பவர் என்று அவள் சொன்னால், ‘உழைப்பாளர் அல்லாதோர்’ என்ற பிரிவில் அவள் பெயர் சேரும்.